டிம்மில் போனாலும் கண் கூசுகிறது: பிக்கப் ஹெட்லைட்டில் எல்இடி, கேள்வி–பதில்

பிக்கப் வண்டியின் ஹாலஜன் ஹெட்லைட்டை எல்இடிக்கு மாற்றுவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம். முதல் பதிலில் சொல்லும் விஷயம் பின்னால் வரும் பல பதில்களுக்கும் அடிப்படை. அதனால் அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

கேள்வி: என் பிக்கப்பில் எச்4 (டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் உள்ள வகை) ஹாலஜன் பல்ப் இருந்தது. எடுத்துவிட்டு எல்இடி மாட்டினேன். வண்டிக்கு முன்னால் பட்டப்பகல் மாதிரி இருக்கிறது. ஆனால் நான் டிம்மில் போனாலும் எதிரே வருகிறவர்கள் பிரைட் அடித்துக் காட்டுகிறார்கள். தூரத்தில் நிற்பது முன்பு தெரிந்த அளவுகூடத் தெரியவில்லை. பல்ப் கோளாறா?

கோளாறு, ஒளி விழும் இடத்தில். கழற்றி வைத்த ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் அடியில் மட்டும் சின்னக் கரண்டி போல ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். அந்த இழைதான் டிம். கிண்ணம் கீழ்ப்பக்கத்தை மறைத்துவிடுவதால் ஒளி ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. சுவரில் அடித்தால் ஒளியும் இருளும் பிரியும் இடத்தில் நேர்க்கோடாகத் தெரியும் வெட்டுக்கோடு அந்தக் கிண்ணத்தின் விளிம்புதான். சாலையோரப் பக்கம் அந்தக் கோடு 15 டிகிரி மேலே ஏறுவதும் கிண்ணத்தின் ஒரு விளிம்பு அதே கோணத்தில் வெட்டப்பட்டிருப்பதால்தான்.

ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும், ஏறக்குறைய 4, 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த மெல்லிய இழை இன்ன இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. எல்இடியில் இழை கிடையாது. ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒளி தரும் சிப்புகள் ஒட்டியிருக்கும். தகடு 3, 4 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால் ஒளி கிளம்பும் இடம் இரண்டாகப் பிரிந்துவிடும். சிப் வரிசை நீளமாக இருந்தால் ஒளி இருக்கக் கூடாத இடத்திலிருந்தும் கிளம்பும். இரண்டிலும் வெட்டுக்கோடு கலைந்து, கோட்டுக்கு மேலே ஒளி கசியும். எதிரே வருபவரின் கண்ணைக் குத்துவது அந்தக் கசிவுதான்.

தூரம் தெரியாததற்குக் காரணம் உங்கள் கண்ணிலேயே இருக்கிறது. பம்பருக்கு முன்னால் 10, 15 மீட்டருக்குள் ஒளி அள்ளிக் கொட்டினால் கண்ணின் பாவை சுருங்கிவிடும். 70 மீட்டரில் கறுப்புத் துணி போர்த்தி நடந்து வருபவரை அந்தச் சுருங்கிய பாவையால் பிடிக்க முடியாது. அருகே வெளிச்சம் கூடியதை ‘நல்ல லைட்’ என்று மனம் எடுத்துக்கொள்ளும். இந்த மயக்கத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

உடனே செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. எல்இடியைக் கழற்றி, சிப்புகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள். கடிகார முகத்தில் 3 மணிக்கும் 9 மணிக்கும் எதிராக, அதாவது நேர் இடமும் வலமும் பார்க்க வேண்டும். எச்4 என்றால் டிம் சிப்புகளுக்கு அடியில் உள்ள உலோகத் தட்டு நேர் கீழே இருக்க வேண்டும். பத்து டிகிரி திரும்பியிருந்தாலும் கோடு சாய்ந்துவிடும். பல பல்புகளில் காலரை, அதாவது பல்பை விளக்கில் உட்காரவைக்கும் வளையத்தை, சின்ன அலன் சாவியால் தளர்த்தித் திருப்பலாம். திருப்பியும் கோடு தெளியவில்லை என்றால் அந்த பல்ப் உங்கள் ரிஃப்ளெக்டருக்கு ஒத்துவராது. கழற்றிவிடுங்கள். ஹெட்லைட்டைக் கீழே தாழ்த்திச் சமாளித்தால் கசிவு குறையாது, உங்களுக்குத் தெரியும் தூரம்தான் குறையும்.

கேள்வி: பெட்டியில் 200 வாட், 20,000 லுமென் என்று போட்டிருக்கிறார்கள். வேறொன்றில் 25 வாட் என்றுதான் இருக்கிறது. எதை வாங்குவது?

25 வாட் என்று போட்டவர் உண்மை சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். லுமென் என்பது வெளிவரும் ஒளியின் அளவு. சாதாரண எச்4 ஹாலஜன் டிம்மில் 55 வாட் எடுத்து 1,000 லுமென்னும், பிரைட்டில் 60 வாட் எடுத்து 1,650 லுமென்னும் தரும்படி தரநிலை வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே இழை உள்ள வேறு பல்ப் வகைகளான எச்7க்கு 1,500, எச்11க்கு 1,350. இந்த அளவுக்குத்தான் ரிஃப்ளெக்டரும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லுமென் என்று வைத்தாலே 20 வாட் எல்இடி ஹாலஜனைத் தாண்டிவிடும். விரல் தடிமன் உள்ள ஒரு பல்பின் பின்புறச் சின்ன ஃபேன் 200 வாட் சூட்டை வெளியேற்றவே முடியாது. சந்தேகம் இருந்தால் டிசி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டிப் பாருங்கள். 13.5 வோல்ட்டில் 2 ஆம்பியர் காட்டினால் அது 27 வாட் பல்ப். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அவ்வளவுதான்.

அளந்தால் பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடி அளங்கள். சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் 2 ஆம்பியர், பத்தாவது நிமிடம் 1.2 ஆம்பியர் என்றால், ராத்திரி முழுக்க உங்களுக்குக் கிடைப்பது அந்த 1.2தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது சிப்பின் அளவையும் இடத்தையும். ஹாலஜன் பல்பையும் எல்இடியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, பல்ப் விளக்கில் அமரும் தட்டை விளிம்பிலிருந்து ஒளி மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எச்7இல் அது 25 மில்லிமீட்டர். சிப் வரிசை இழையின் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. தகடு எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது. நான்கு பக்கமும் சிப் ஒட்டியது, மூன்று பக்கமும் ஒட்டியது எல்லாம் ஹெட்லைட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: மாட்டுவதை நானே செய்யலாமா? வரிசையாகச் சொல்லுங்கள்.

செய்யலாம். ஆனால் வேலை பழைய பல்பைக் கழற்றுவதற்கு முன்பே தொடங்குகிறது. சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், உள்ளே இருக்கும், ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் உயரக் குமிழ் 0இல் இருக்கட்டும். ஹாலஜன் டிம்மைப் போட்டு, வெட்டுக்கோடு விழும் இடத்திலும் அதன் மேலேறும் முனையிலும் சுவரில் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு விளக்கைத் துணியால் மூடி மற்றதை, பிறகு மாற்றி. போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இந்த டேப் இல்லாமல் எல்இடி சரியாக உட்கார்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து விளக்கை அணைத்து, ஹாலஜன் ஆறும்வரை பொறுங்கள். பல்பின் பின்னால் ஒயரை இணைக்கும் கப்ளரைப் பிடுங்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம், பிளாஸ்டிக் உடலைப் பிடித்து ஆட்டி எடுங்கள். கப்ளர் பழுப்பேறியிருந்தாலோ முனை கருகியிருந்தாலோ அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள். ரப்பர் மூடி, பிறகு கம்பிக் கிளிப். கிளிப் எந்தக் கொக்கியில் மாட்டியிருந்தது என்று பார்த்துவைத்துக்கொண்டு எடுங்கள்.

எல்இடியில் காலர் தனியாக வந்தால் முதலில் காலரை மட்டும் உட்காரவைத்துக் கிளிப்பைப் போடுங்கள். எச்4இன் மூன்று காதுகளும் ஒரே அளவில் இருக்காது. தப்பாக உட்காரவே உட்காராது. உட்காரவில்லை என்றால் அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள். பிறகு ரப்பர் மூடி, அதன் வழியாக பல்ப். சிப்பில் விரல் படக் கூடாது.

பின்புறம் ஃபேனுக்கு இடம் இல்லை என்று மூடியை வெட்டி எறிகிறவர்கள் அதிகம். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். தூசி உள்ளே போய் ரிஃப்ளெக்டரில் படியும். அதைத் துணியால் துடைத்தால் அலுமினியப் பூச்சு கையோடு வந்துவிடும், விளக்கையே மாற்ற வேண்டியிருக்கும். மூடி போட முடியாத நீளமுள்ள பல்ப் என்றால் நீளம் குறைந்ததை வாங்குங்கள். எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சின்ன டிரைவர் பெட்டியைக் கட்டுக்கயிறால் இறுக்கிக் கட்டுங்கள். ரேடியேட்டர் ஃபேன் பக்கமோ, சூடான குழாய் மேலோ தொங்க விடாதீர்கள்.

கடைசியாகச் சுவர். புதிய கோடு டேப் மேல் விழ வேண்டும். சற்று மேலோ கீழோ என்றால் விளக்கின் பின்னால் உள்ள உயரத் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். கோடே கலங்கலாக இருந்தால் திருகு உதவாது.

கேள்வி: வெறும் வண்டியில் லைட் சரியாக இருக்கிறது. சரக்கு ஏற்றினால் எல்லோரும் திட்டுகிறார்கள். எல்இடி போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை.

ஹாலஜனிலும் இருந்திருக்கும், உறைக்கவில்லை. பிக்கப்புக்கே உரிய பிரச்சினை இது. காரில் பாரம் கொஞ்சம்தான் கூடும். பிக்கப்பில் முழுப் பாரமும் பின் அச்சில் உட்கார்ந்து லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை நிமிர்த்திவிடுகிறது. பின்னால் தாழ்ந்தால் மூக்கு தூக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் என்று வையுங்கள். சரக்கு ஏறியதும் பின்பக்கம் 6 சென்டிமீட்டர் தாழ்கிறது. அது 2 சதவீதச் சாய்வு. உங்கள் ஹெட்லைட் தரையிலிருந்து 95 சென்டிமீட்டர் உயரம், வெறும் வண்டியில் 1.5 சதவீதம் கீழ் நோக்கி, அதாவது 10 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இறங்கும்படி வைத்திருக்கிறீர்கள். அப்போது வெட்டுக்கோடு 63 மீட்டரில் தரையைத் தொடும். நல்ல அளவு. சரக்கு ஏறியதும் அதே கோடு அரை சதவீதம் மேல் நோக்கிவிடுகிறது. 50 மீட்டரில் அது 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எதிரே வரும் காரில் ஓட்டுநரின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

உயரக் குமிழ் இருந்தால் அதை இதற்காகவே வைத்திருக்கிறார்கள். பாரம் ஏறியதும் 0இலிருந்து 2க்கோ 3க்கோ திருப்புங்கள். எந்த எண் என்று ஊகிக்காமல், வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஒரு முறை சுவர் முன்னால் நிறுத்தி, கோடு வெறும் வண்டி டேப்புக்கு எந்த எண்ணில் இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குமிழ் இல்லாத வண்டி என்றால், அதிகமாக ஓடுவது எந்த நிலையிலோ அந்த நிலையில் திருகைச் சரிசெய்யுங்கள். எப்போதும் சரக்கோடு ஓடும் வண்டியை வெறுமையாக வைத்துச் சரிசெய்வதில் பயனில்லை. பட்டைகள் களைத்துப் போயிருந்தால் அதையும் கவனியுங்கள்.

கேள்வி: டாஷ்போர்டில் பல்ப் போய்விட்டதாக எச்சரிக்கை வருகிறது. சில நேரம் எல்இடி துடிக்கவும் செய்கிறது.

வண்டியின் கணினி ஹெட்லைட்டுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கண்காணிக்கிறது. 55 வாட் ஹாலஜன் 4 ஆம்பியர் எடுக்கும். 25 வாட் எல்இடி 2 ஆம்பியர்கூட எடுக்காது. பாதிதான் போகிறது என்றதும் பல்ப் போய்விட்டது என்று கணினி முடிவு கட்டுகிறது. துடிப்புக்குக் காரணம் வேறு. பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் விட்டுவிட்டு, நொடிக்குப் பல முறை வெட்டி அனுப்பப்படுகிறது. ஹாலஜன் இழை சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அது தெரியாது. எல்இடி ஒவ்வொரு வெட்டையும் காட்டிவிடும்.

கேன்பஸ் டிகோடர் என்று விற்கும் சின்னப் பெட்டியில் மின்தேக்கி இருக்கும். அது வெட்டுகளைச் சமன்செய்யும். பெரும்பாலான துடிப்புக்கு அது போதும். எச்சரிக்கை போகவில்லை என்றால் 6 ஓம், 50 வாட் லோடு ரெசிஸ்டர் போடலாம். 13.5 வோல்ட்டில் அது இன்னொரு 2.25 ஆம்பியர் எடுக்கும், கணக்கு நேராகிவிடும். ஆனால் 30 வாட் சூடு அதில் வெளியாகும். தொட்டால் கை பொத்துவிடும். அதனால் வெறும் உலோகச் சட்டத்தில் திருகி வையுங்கள். பிளாஸ்டிக்கிலோ ஒயர்க் கட்டிலோ ஒட்டி வைத்தால் உருகித் தீப்பிடிக்கும்.

கேள்வி: எச்4 எல்இடி மாட்டினால் எரியவே இல்லை. இன்னொரு வண்டியில் அதே பல்ப் நன்றாக எரிகிறது.

சில வண்டிகளில் ஸ்விட்ச் அர்த் பக்கம் இருக்கும். மூன்று முனைகளில் பொதுவானது நிரந்தரமாக பாசிட்டிவ், டிம்மும் பிரைட்டும் அர்த் ஆகும். ஹாலஜனுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். எல்இடிக்கு அப்படி இல்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, கப்ளரைக் கழற்றிவிட்டு, டிம்மைப் போட்டு மூன்று துளைகளையும் தொட்டுப் பாருங்கள். டிம், பிரைட் மாற்றினாலும் ஒரே துளையில் 12 வோல்ட் அசையாமல் நின்றால் உங்கள் வண்டி அந்த வகை. பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினாலும் எரியும்படி இரு முனைப்புக்கும் ஏற்ற பல்ப் என்று குறிப்பிட்டதை வாங்குங்கள், அல்லது அர்த் ஸ்விட்ச் வண்டிக்கென்று வரும் ரிலே ஒயரிங்கைப் போடுங்கள்.

கேள்வி: எல்இடி வேண்டாம். ஹாலஜனிலேயே வெளிச்சம் கூட வழி உண்டா?

உண்டு. பழைய பிக்கப்புக்கு இதைத்தான் முதலில் செய்யச் சொல்வோம். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியில் ஒரு அளவும், கப்ளர் மாட்டிய நிலையிலேயே அதன் பின்னால் ஊசி முனை நுழைத்து பல்பில் ஒரு அளவும் எடுங்கள். பேட்டரியில் 14.0, பல்பில் 12.6 என்றால் 1.4 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜனின் ஒளி 10 சதவீதம் குறைவதில்லை. ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். மெல்லிய ஒயர், தேய்ந்த ஸ்விட்ச், துருவேறிய அர்த் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை இது.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போடுங்கள். ரிலே என்பது சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்; அதன் முனைகளில் எண் போட்டிருக்கும். 30ஆம் முனைக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ். 87இலிருந்து இரு விளக்குகளுக்கும் அதே தடிமன் ஒயர். 86க்குப் பழைய கப்ளரின் டிம் ஒயர் (பிரைட் ரிலேவுக்கு பிரைட் ஒயர்), 85 அர்த். விளக்கின் அர்த்தையும் அதே தடிமனில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் திருகுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. சார்ஜிங் 14.5 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வோல்ட் 5 சதவீதம் கூடினால் ஹாலஜனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

100/90 வாட் பல்ப் போடாதீர்கள். கப்ளர் உருகும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் பொரிந்துபோகும். விளக்கின் முகம் மஞ்சள் பூத்திருந்தால் 800, 1500, 2000, 3000 என்று உப்புத்தாளை ஈரத்தோடு தேய்த்து, பாலிஷ் போட்டு, புறஊதா தாங்கும் பூச்சு அடியுங்கள். பூச்சை விட்டுவிட்டால் மறுபடி சீக்கிரமே மஞ்சளாகிவிடும்.

கேள்வி: மழைக்கும் மூடுபனிக்கும் மஞ்சள்தான் ஊடுருவும் என்கிறார்களே?

பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது வெள்ளை, மஞ்சள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் சிதறடிக்கும். ஆனால், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 6,500 உள்ள நீலம் கலந்த ஒளி திரும்பி வந்து கண்ணில் படும்போது கூச்சம் அதிகம். 4,300 முதல் 5,000 வரை உள்ளது நல்ல தேர்வு. ஹாலஜன் சுமார் 3,200. மூடுபனியில் நிறத்தைவிட முக்கியம், வெட்டுக்கோட்டுக்கு மேலே கசிவு இல்லாதிருப்பது. மேலே போகும் ஒளிதான் வெள்ளைச் சுவராகத் திரும்பி வருகிறது. பனி கொட்டும் நாடுகளில் இன்னொன்றும் உண்டு. ஹாலஜனின் சூடு முன்பக்கம் போய் முகத்தில் படியும் பனியை உருக்கும். எல்இடியின் சூடு பின்பக்கம் போய்விடும், பனி அப்படியே படிந்து நிற்கும்.

கேள்வி: சட்டப்படி சரியா?

ஹெட்லைட்டின் ஒப்புதல் அதற்குள் எரியும் பல்பின் வகையோடு சேர்த்துத்தான் தரப்படுகிறது. பல விளக்குகளின் முகத்தில் எச்சிஆர் (HCR) என்று வார்த்திருக்கும். ஹாலஜன், டிம், பிரைட் என்று பொருள். அதில் எல்இடி மாட்டினால் அந்த ஒப்புதல் பல நாடுகளில் செல்லாது. ஜெர்மனியில் 2020இல்தான் ஓஸ்ராமின் எச்7 எல்இடி பல்ப் ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அதுவும் பட்டியலில் உள்ள வண்டிகளுக்கு மட்டும். உங்கள் நாட்டு விதியையும் காப்பீட்டு நிபந்தனையையும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்இடிதான் வேண்டும் என்றால், உங்கள் வண்டிக்கென்று ஒப்புதல் முத்திரையோடு வரும் முழு எல்இடி விளக்கை மாற்றுவதே நேர்வழி. அதில் ரிஃப்ளெக்டரும் சிப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துச் செய்யப்பட்டிருக்கும்.

கேள்வி: லைட் போட்டதும் எஃப்எம் இரைகிறது.

டிரைவர் பெட்டி கிளப்பும் மின் இரைச்சல் அது. ஒயரை, இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, பெட்டிக்கு ஒட்டினாற்போல் மாட்டுங்கள். பெட்டியை ஆன்டெனா ஒயரிலிருந்து தள்ளி வையுங்கள். அப்படியும் இரைந்தால் பல்பை மாற்றுவதுதான் வழி.